கொசுறு வரிசை

பேரம் பேசாமல் ஒரு பொருள் வீட்டுக்குள் வந்துவிட்டால் அரைவிலையாருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வங்கிக்காரருக்கும் தபால்காரருக்கும் மட்டுமே தெரியும். ஆயுசில் பாதியை ஜவுளிக் கடைக் கல்லாவில் கழித்த மனிதர். யார் என்ன விலை சொன்னாலும் “பாதிக்குக் குடு” என்றுதான் வாயைத் திறப்பார். விலை இறங்காவிட்டால் கொசுறு கேட்பார். கொசுறும் கிடைக்காவிட்டால் கடைக்காரரிடம் ஒரு தம்ளர் தண்ணீராவது வாங்கிக் குடித்துவிட்டுத்தான் படி இறங்குவார். ஏதாவது ஒன்று சும்மா வந்தாக வேண்டும். வராமல் போனால் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டது போல இரண்டு நாள் முகம் தொங்கும்.

கடையை அண்ணன் மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு, வீட்டில் சம்பாதிக்கிற கை அவர் மனைவியுடையதாக ஆகிவிட்டது. தெருவே அவளை முட்டையக்கா என்றுதான் கூப்பிட்டது. சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் பீரோ உயரத்துக்கு ஒரு இன்குபேட்டர் வைத்திருந்தாள். நாலு தெருவிலிருந்தும் பெண்கள் கோழி முட்டைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தருவார்கள். அவள் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு அடையாளம் போடுவாள். வட்டம் தையற்காரிக்கு, பெருக்கல் குறி டீக்கடைக்காரிக்கு, இரட்டைக் கோடு நர்ஸம்மாவுக்கு. மூன்று வாரம் பெட்டிக்குள் சூடு காத்து, குஞ்சாகத் திருப்பிக் கொடுப்பாள்.

போன கோடையில் அந்தப் பெட்டி ஒருமுறை சவப்பெட்டியானது. மின்சாரம் போய் இரவெல்லாம் வரவில்லை. முட்டையக்கா முட்டைகளைக் கம்பளியில் சுற்றினாள், வெந்நீர் பாட்டில்களை நடுவில் அடுக்கினாள். காலையில் முட்டைகளில் டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே எதுவும் அசையவில்லை. வட்டக்காரிக்கும் கோட்டுக்காரிக்கும் அவளே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். திரும்பி வந்து கால் கழுவும்போது புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“சோலார் போடணுங்க.”

ஓட்டுக்குப் பதில் தகரம் போட்ட கூரை; மேலே ஆள் ஏறினாலே முனகும். அதனால் பேனலைத் தரையில்தான் நிறுத்த வேண்டும். கொல்லையில் நல்ல வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், மேற்குச் சுவருக்கு இந்தப் பக்கம்.

அந்தச் சுவருக்கு ஒரு கதை உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் முட்டையக்காவின் தம்பி வீடு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கினாலும் கூட்டத்துக்கு மேல் கழுத்தை நீட்டிப் பார்க்கிற பழக்கம் அவரை விடவில்லை. காலையில் பல் விளக்கும்போது சுவருக்கு மேல் தலை தெரியும். “மாமா, நேத்து ராத்திரி இருமினீங்களே, மாத்திரை போட்டீங்களா?” மதியம், “மாமா, குழம்பு தீய்ஞ்ச வாசனை வருது, அக்காகிட்ட சொல்லுங்க.” சாயங்காலம் வந்தால் சுவர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பிப்பார், கடைசி ஸ்டாப் வரைக்கும் இறங்க மாட்டார்.

இரண்டு வீட்டுப் பொதுச் சுவருக்குப் பூச்சு வேலை நடந்தபோது அரைவிலையார் கொத்தனாரை ஓரங்கட்டினார். கூலியை ஒரு பைசா குறைக்காமல் ஒத்துக்கொண்டார். ஆனால் கொசுறாக மேலே சில வரிசை செங்கல் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். கண்டக்டர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பல் விளக்க நின்றபோது எதிரே செங்கல்தான் இருந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு அக்கா மட்டும் தெரு வழியாகப் போய் வந்தாள். மாமாவும் மச்சானும் பேசிக்கொள்ளவில்லை. நூல் பிடித்த மாதிரி ஒரு சுவரும், அதற்கு மேல் சும்மா வந்த ஒரு மௌனமும் கிடைத்ததில் அரைவிலையாருக்கு அப்போது பரம திருப்தி.

“இதுல மட்டும் பேரம் பேசாதீங்க,” என்று முட்டையக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள். “மூணு பேனல், ஒரு பேட்டரி. சொன்ன விலை நியாயமான விலைதான், நான் நாலு இடத்துல விசாரிச்சுட்டேன். ஆள் வந்தா இடத்தைக் காட்டுங்க. போதும்.”

“நான் ஏன் பேசப்போறேன்?” என்றார் அரைவிலையார், உண்மையாகவே புண்பட்டு.

ஃபிட்டர் வந்த நேரம் அவள் சந்தைக்குப் போயிருந்தாள். ஃபிட்டர் வாட்டசாட்டமான ஆள். வேலை செய்தால் சீட்டி அடிப்பார், சீட்டி அடிக்காத நேரம் பேசுவார். டேப் பிடித்து அளந்தார், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார், எங்கெங்கே குழி வெட்ட வேண்டும் என்று குச்சி நட்டார். அரைவிலையார் இடத்தைக் காட்டினார். காட்டி முடித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை.

“பேனல் நிக்கிற காலுக்கு எவ்வளவு இரும்புப்பா போடுற?”

“இடுப்பு உயரம் ஐயா. மேற்கால சுவர் இருக்குல்ல.”

“பேனல் கரண்ட் குடுக்குது, சரி. கால் என்ன குடுக்குது?”

“அது ஒண்ணும் குடுக்காது. நிக்கும்.”

“சும்மா நிக்கிறவனுக்கு எதுக்குப்பா இவ்வளவு சம்பளம்? முழங்கால் உயரம் வையி. மிச்சமாகுற இரும்புக்கு ஒரு பேனலைக் கொசுறாப் போட்டுடு.”

ஃபிட்டர் சீட்டியை நிறுத்தினார். “காலை வெட்டிட்டு இன்னொரு தலை கேக்குறீங்க.”

“வண்டியில ஒண்ணு ஓரமா கீறலோட கிடக்குதே, பார்த்தேன். அதை எந்த வீட்டுல மாட்டுவ? பார்த்தவுடனே எல்லாரும் முகத்தைச் சுளிப்பாங்க. நான் சுளிக்க மாட்டேன்.”

சட்டத்தில் கீறல் விழுந்த அந்தப் பேனல் ஃபிட்டருக்கும் பாரமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். “வெயில் சாயிற மாசத்துல மதியத்துக்கு மேல சுவர் நிழல் கீழ்விளிம்புல ஏறும் ஐயா. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

“எவ்வளவு ஏறும்?”

“ஒரு சாண் ஏறும்.”

“ஒரு சாண் நிழலுக்கு ஒரு சாண் கரண்ட் போகட்டும். கூட ஒரு முழுப் பேனல் வருதே! துணியில ஒரு சாண் கறை பட்டா அந்தச் சாணை வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தை விக்கிறதில்லையா?”

“இல்ல ஐயா, இது துணி மாதிரி...”

அரைவிலையார் அதற்குள் அவர் தோளில் கையைப் போட்டுவிட்டார். அவர் வளர்ந்த கடைத்தெருவில் தோளில் கை விழுந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் வாய் திறப்பவனோடு யாரும் மறுபடி வியாபாரம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபிட்டரும் வியாபாரி வீட்டுப் பிள்ளைதான். வாயை மூடிக்கொண்டார்.

குழி வெட்டி, காங்கிரீட் ஊற்றி, இறுகவிட்டு, இரும்பு ஆங்கிள்களை நிறுத்தி போல்ட் முடுக்கிப் பேனல்களை ஏற்றினார்கள். மூன்று கேட்ட இடத்தில் நான்கு நின்றன. முட்டையக்கா எண்ணிப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

“அவரா பிரியப்பட்டுப் போட்டாரு,” என்றார் அரைவிலையார், மேலே பறந்த காக்காயைப் பார்த்தபடி.

அந்தக் கோடையின் மிச்ச நாள் முழுக்கப் பேனல்கள் ராஜாவாக உழைத்தன. சூரியன் உச்சியில் நின்றது. சுவரின் நிழல் சுவரடியிலேயே சுருண்டு கிடந்தது. மதியத்துக்குள் பேட்டரி நிரம்பி மீட்டரில் பச்சை விளக்கு எரியும். தெருவில் கரண்ட் போனால் அரைவிலையார் வேண்டுமென்றே வாசலில் வந்து நிற்பார். “எங்க வீட்டுல இருக்கே!” என்று யாரும் கேட்காமலே சொல்லுவார். ஈரத்துணியால் பேனலைத் துடைக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நாலாவது பேனலை மட்டும் இரண்டு தடவை துடைப்பார்.

முட்டையக்காவின் வாடிக்கையும் மெல்லத் திரும்பியது. முதலில் தையற்காரி வந்தாள், “ரெண்டே ரெண்டு வைக்கிறேன், பார்ப்போம்” என்று. அந்த இரண்டும் கத்திக்கொண்டு வெளியே வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். பெட்டியின் எல்லாத் தட்டும் நிறைந்தது வெயில் சாயத் தொடங்கிய மாதத்தில்தான். வட்டம், கோடு, பெருக்கல் குறி, நட்சத்திரம் என்று பென்சிலுக்கே அடையாளம் தட்டுப்பாடாகிப் போனது.

குஞ்சு வெளிவர இன்னும் சில நாள் இருக்கும்போது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் டமார் என்று வெடித்தது. புதிதாக ஒன்று வந்து இறங்கும்வரை தெருவுக்கே கரண்ட் கிடையாது என்று மின்வாரியத்தார் சொல்லிவிட்டுப் போனார்கள். அரைவிலையார் பதறவில்லை. வாசலில் நின்று நாலு பேரின் கைபேசிகளை வாங்கிச் சார்ஜில் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் மீட்டரில் பச்சை வரவில்லை. அதற்கு மறுநாள் விளக்கு சிவப்பாகவே நின்றது. முட்டையக்கா எல்லாக் கைபேசியையும் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தாள், ஃபேனை நிறுத்தினாள். கொல்லைக்கு வந்து பார்த்தாள். மதியம் தாண்டி வெகுநேரம் ஆகவில்லை. வெயில் நன்றாகத்தான் அடித்தது. சுவரின் நிழல் தரையில் ஊர்ந்து வந்து நான்கு பேனல்களின் அடிவிளிம்பிலும் கருப்புக் கரை வைத்த மாதிரி ஏறியிருந்தது.

“கரை போட்ட வேட்டி மாதிரி இருக்கு,” என்றார் அரைவிலையார் சமாளித்து. “ஒரு சாண்தானே?”

அவள் ஃபிட்டருக்குப் போன் போட்டாள்.

ஃபிட்டர் வந்தார். பேனலைப் பார்க்கவே இல்லை, நேராக நிழலைத்தான் பார்த்தார். “சொன்னேனா இல்லையா ஐயா?” என்றார். பிறகு முட்டையக்காவைப் பார்த்து, “அக்கா, இது துணி இல்ல. தண்ணிக்கு வரிசையா நின்னு குடத்தைக் கை மாத்துறோம்ல, அது மாதிரி. அடியில நிக்கிற ஒருத்தன் உட்கார்ந்துட்டா, மேல நிக்கிறவன் எவ்வளவு பெரிய பலசாலியா இருந்தாலும் குடம் வந்து சேராது. அடிவரிசை பூரா நிழல்ல இருக்கு. நாலு பேனலும் சேர்ந்தே படுத்துருச்சு.”

“இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“காலைக் குறைக்கச் சொன்னப்பவே சொல்ல வாயைத் திறந்தேன். ஐயா தோள்ல கை போட்டுட்டாரு.”

முட்டையக்கா அரைவிலையாரின் பக்கம் திரும்பினாள். சத்தம் போட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அதற்கு அவரிடம் நாலு பதில் தயாராக இருந்தது. அவள் சத்தம் போடவில்லை.

“மூணு கேட்டேன், நாலு நிக்குது. சும்மா வந்த பேனலுக்கு எதோட காலை வெட்டினீங்கன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும். என் புத்தி.” அறைப் பக்கம் கையைக் காட்டினாள். “உள்ள குஞ்சு ஓட்டைக் கொத்த ஆரம்பிச்சிருச்சுங்க. இனி பெட்டியைத் திறக்கவும் முடியாது, வேற எங்கயும் தூக்கிட்டுப் போகவும் முடியாது. நர்ஸம்மா ரெண்டாவது தடவையா நம்பிக் குடுத்திருக்கா. இதுவும் போச்சுன்னா இந்தத் தெருவுல ஒருத்தி என் கையில முட்டை தரமாட்டா. பெட்டியை வித்துட்டு உட்கார வேண்டியதுதான்.”

அரைவிலையார் ஃபிட்டரிடம் திரும்பினார். “காலை உயர்த்திடலாம்ப்பா. இப்பவே.”

“கழட்டி, மேடை கட்டி, காங்கிரீட் இறுகி... அதுக்குள்ள குஞ்செல்லாம் போயிரும் ஐயா. கழட்டினா காலையில வர்ற கரண்டும் நின்னுரும்.” ஃபிட்டர் சுவரைத் தலையசைத்துக் காட்டினார். “உடனே செய்யணும்னா அதைத்தான் இறக்கணும். மேல இருக்கிற நாலஞ்சு வரிசை போனாப் போதும், வெயில் வந்துரும்.”

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். கீழே பூச்சு பூசிய பழைய சுவர். மேலே பளிச்சென்று புதுச் செங்கல். அரைவிலையார் ஆயுளின் இரண்டு சிறந்த பேரங்கள் அந்தக் கொல்லையில் எதிரெதிரே நின்றன; ஒன்று மற்றதன்மேல் நிழல் போட்டுக்கொண்டிருந்தது.

“சுத்தியலை எடு,” என்றார்.

“நில்லுங்க,” என்றாள் முட்டையக்கா. “சுவர்ல பாதி அவனோடது. கேட்டுட்டு இடிங்க.”

“நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே. உன் தம்பிதானே?”

“நான் கேட்டா குடுத்துடுவான். அதனாலதான் நீங்க கேக்கணும்.”

அரைவிலையார் சட்டையை மாட்டிக்கொண்டு தெரு வழியாகப் போனார். தன் வாசலிலிருந்து மச்சான் வாசலுக்கு இவ்வளவு தூரம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

கண்டக்டர் கரண்ட் இல்லாத கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்ததும் விசிறல் நின்றது. பிறகு கொஞ்சம் வேகமாக ஆரம்பித்தது.

“வாங்க மாமா. வழி தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“இந்தப் பக்கம் ரூட்டே இல்லாம இருந்துச்சே.”

“மச்சான், ஒரு உதவி வேணும்.”

“உக்காருங்க. நின்னுக்கிட்டே கேக்குறதுக்கு இது என்ன படிக்கட்டா?”

அரைவிலையார் உட்கார்ந்தார். நிழல், பேனல், முட்டை, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் சொன்னார். வெட்டின காலைப் பற்றியும் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் எதிரே இருந்தவர் வாழ்க்கை முழுக்க டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர்.

“ஆக,” என்றார் கண்டக்டர், “ஏத்தும்போது என்னைக் கேக்கல. இறக்கும்போது கேக்குறீங்க.”

“ஆமா.”

“ஊருக்குப் போயிட்டு வர்றேன், பார்த்தா சுவர்! என் வீட்டுக் கொல்லையில நான் என்னமோ ஜெயில்ல நிக்கிற மாதிரி. மாமா நல்லா இருக்காரா, இருமுறாரான்னு சத்தத்தை வச்சே ஊகிச்சுக்கிட்டு...” அட்டையைக் கீழே வைத்தார். “சரி. இடிச்சுக்கலாம். ஆனா சும்மா இல்ல.”

“என்ன வேணும், சொல்லு.”

“தினமும் சாயங்காலம் நீங்க சுவர்கிட்ட வந்து நிக்கணும். ஒரு மணி நேரம் என்கூடப் பேசணும். வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு தலைவலின்னு சொல்லி அனுப்பக் கூடாது.”

ஒரு மணி நேரம்! அரைவிலையாரின் உதடு தன்னால் குவிந்தது. ‘பா’ என்கிற எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. பாதி, அரை மணி, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்தது போல நாக்கில் இருந்தது. தன் வீட்டு அறைக்குள் முட்டை கொத்துகிற சத்தம் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் எச்சிலோடு விழுங்கினார்.

“சரி,” என்றார்.

கண்டக்டர் எழுந்தே விட்டார். “என்ன மாமா?”

“சரின்னு சொன்னேன்.”

“பேரமே பேசலையே! உடம்பு கிடம்பு சரியில்லையா?” பக்கத்தில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “மாமாவுக்கு ஒரு டீ போடும்மா, சீக்கிரம்!” என்று உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார். “டீ வேணாம்” என்று மாமா சொன்னது அவர் காதில் விழவில்லை. அதற்குள் சுவரில் மாட்டியிருந்த பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “உளி என்கிட்ட இருக்கு. அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்.”

இந்தப் பக்கம் ஸ்டூல்மேல் அரைவிலையார், அந்தப் பக்கம் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் கண்டக்டர். கைக்குக் கை செங்கல் வாங்க ஃபிட்டர். முதல் அடியிலேயே செங்கல் கையோடு வந்தது. அரைவிலையார் சந்தேகத்தோடு கலவையைத் தொட்டுப் பார்த்தார், விரலில் உதிர்ந்தது. அத்தனையும் மணல். சிமெண்டைக் கொத்தனார் கண்ணில் காட்டி எடுத்திருப்பார் போல.

“கொசுறுக்குப் போட்டது வேற எப்படி மாமா இருக்கும்?” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

சரக்கு மட்டமாக இருந்ததற்காக அரைவிலையார் மனதாரச் சந்தோஷப்பட்டது அவர் வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.

முதல் வரிசை போனதும் நரைத்த உச்சி தெரிந்தது. அடுத்தது போனதும் நெற்றி, அதில் வியர்வையோடு ஒட்டிய செங்கல் தூள். பிறகு இரண்டு கண். “மாமா, இளைச்சுட்டீங்களே!” என்றன அந்தக் கண்கள், வாய் இன்னும் செங்கலுக்குப் பின்னால் இருக்கும்போதே. நிழல் பேனலின் அடிவிளிம்பிலிருந்து வழுக்கி இறங்கித் தரையைத் தொட்டது.

அறைக்குள்ளிருந்து முட்டையக்காவின் குரல் வந்தது. “ஏறுது! சார்ஜ் ஏறுதுங்க! ஏறுதுடா தம்பி!”

ஃபிட்டர் சீட்டி அடிக்க ஆரம்பித்தார்.

குஞ்சுகள் தெருவில் கரண்ட் வரும் முன்னமே வந்துவிட்டன. ஓட்டை உடைத்துக்கொண்டு நனைந்த பஞ்சு போலக் கிடந்தவை, உலர்ந்ததும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு அறையையே இரைச்சலாக்கின. எல்லா முட்டையும் பொரித்தது என்று சொன்னால் பொய். எந்தப் பெட்டியிலும் சிலது தங்கும். ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு போன யாரும் வெறுங்கையோடு போகவில்லை. நர்ஸம்மா அடுத்த தடவைக்கான முட்டையை அங்கேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

டிரான்ஸ்ஃபார்மர் வந்த பிறகு ஃபிட்டர் மறுபடி வந்து பேனல்களைக் கழற்றி, சுவரிலிருந்து இறக்கிய செங்கல்லையே சுற்றிக் கூடாக வைத்து, உள்ளே கம்பி விட்டுக் காங்கிரீட் ஊற்றிக் கால்களை உயர்த்தினார். கூலி கேட்டபோது முட்டையக்காவே முன்னால் வந்து கேட்டதைக் கொடுத்தாள். அரைவிலையார் திண்டாடினார். கடைசியில் ஃபிட்டரின் காதருகே போய், “ரெண்டு போல்ட்டாவது மிச்சம் இருந்தா போட்டுட்டுப் போப்பா” என்றார். ஃபிட்டர் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குச் சோறு இறங்கியது.

அன்று சாயங்காலமும் கண்டக்டர் முழங்கையைச் சுவர்மேல் ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன பஸ்ஸின் கதை. அரைவிலையார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பேனலைப் பார்த்தார், பிறகு எப்போது என்று தெரியாமல் மச்சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது, டிரைவர் கியரை மாற்றினார், எதிரே லாரி...

கண்டக்டர் சட்டென்று நிறுத்தினார். “ஒரு மணி நேரம் ஆயிடுச்சு மாமா. பேச்சுன்னா பேச்சு. நீங்க போகலாம்.”

அரைவிலையார் நகரவில்லை. சுவரின் புது விளிம்பில் உதிர்ந்திருந்த மணலைக் கையால் தட்டிவிட்டுத் தன் முழங்கையையும் அங்கே ஊன்றினார்.

“லாரி என்னாச்சு மச்சான்? கொசுறு போடாம எந்தக் கடையில அனுப்புவாங்க?”